குறைந்த விலைக்கு அறிவு கிடைக்குமா?

இன்று ஒரு பழைய டெண்டர் கதை.

1980களில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கட்டிடம் கட்ட வேண்டியிருந்தது. வரைபடம் போட்டுத் தர ஓர் ஆலோசகரை அமர்த்த ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். கோப்பு என் மேசையில். மூன்று கவர்கள் வந்தன. அரக்கு முத்திரையை உடைத்து, தொகைகளை உரக்கப் படித்து, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். குறைந்த தொகை கேட்டவர் பெயருக்கு நேரே 'எல்-1' என்று எழுதினேன். இரண்டாவதாக வந்தவர் பல நல்ல கட்டிடங்களுக்கு வரைபடம் போட்டவர். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

கட்டி முடித்த முதல் ஐப்பசி மழையிலேயே மொட்டை மாடித் தண்ணீர் பதிவேட்டு அறைக்குள் இறங்கியது. வரைபடத்திலேயே வாட்டம் தவறு. நனைந்த கோப்புகளைக் கயிறு கட்டி உலர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

இந்த நோய் புதியதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வோபான் பெயர் நன்றாகத் தெரியும். பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர். பாரதி பூங்கா பக்கம் இருந்து, 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்களே, அந்த ஐங்கோண லூயி கோட்டையும் அவர் காலத்து முறையில் எழுந்ததுதான். அந்த வோபான் 1683இல் போர் அமைச்சர் லூவுவாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓயாமல் விலையைக் குறைத்து ஏலம் விட்டால் வேறு பிழைப்பு இல்லாதவர்களும், ஏமாற்றுக்காரர்களும், வேலை தெரியாதவர்களும்தான் வருவார்கள். திறமை உள்ளவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். வேலையும் முடியாது, செலவும் கூடும் என்பது அதன் சாரம். நியாயமான கூலி கொடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அப்படியென்றால் அரசு ஏன் குறைந்த விலையையே பிடித்துக்கொள்கிறது? காரணம் உண்டு. வேண்டியவருக்குக் கொடுத்தார் என்ற பழி வராது. எண்ணுக்கு உறவினர் கிடையாது. பிரான்சில் 1836ஆம் ஆண்டு அரசாணை, அரசு ஒப்பந்தங்களைப் பொது ஏலத்தில் விட வேண்டும் என்று விதித்தது. பிரெஞ்சில் இதற்கு 'அட்ஜுடிகாசியோன்' என்று பெயர். ஆனால் அதே ஆணை விதிவிலக்குகளும் வைத்தது. கலை வேலை, நுட்ப வேலை போன்றவற்றை ஏலம் இல்லாமல், கைதேர்ந்தவர் என்று நிரூபித்தவரிடமே கொடுக்கலாம். சிமென்ட் வாங்குவது வேறு, மூளையை வாங்குவது வேறு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பாரிஸ் ஓப்பரா கட்டிடத்துக்கும் விலை கேட்கவில்லை, போட்டி வைத்தார்கள். 171 வடிவங்கள் வந்தன. 1861இல் வென்ற ஷார்ல் கார்னியே அப்போது அதிகம் பெயர் தெரியாத, முப்பத்தைந்து வயதுக்காரர்.

அமெரிக்காவில் 1972இல் வந்த புரூக்ஸ் சட்டம் இதை ஒரு முறையாகவே ஆக்கியது. மத்திய அரசு வேலைக்குக் கட்டிடக் கலைஞரையோ பொறியாளரையோ அமர்த்தும்போது முதலில் தகுதியைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பெற்றவரோடு பேசி நியாயமான கட்டணம் முடிவு செய்ய வேண்டும். படியாவிட்டால் அடுத்தவரை அழைக்க வேண்டும். திறமையில் போட்டி, விலையில் பேச்சுவார்த்தை.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் நடுவழியில் போகின்றன. ஆலோசகர் நியமனத்தில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை உண்டு. தொழில்நுட்பக் கவரை முதலில் திறக்க வேண்டும். அதில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டுமே பிறகு பிரிக்க வேண்டும். தரத்துக்கு 80 சதவீதம் வரை எடை கொடுக்கலாம். சாதாரண, வழக்கமான வேலை என்றால், தரத்தில் தேறியவர்களில் குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கும் வழியும் இருக்கிறது.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஒருவருடைய அளவுக்குச் சட்டை தைப்பது போல, ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்படி தகுதிகளை எழுதிவிட முடியும். குறைந்த விலை முறையில் திறமைக்கு ஆபத்து; மதிப்பெண் முறையில் நேர்மைக்கு ஆபத்து. அதனால்தான் யாருக்கு எத்தனை மதிப்பெண், எதற்காக என்பதைக் கோப்பில் எழுதிவைப்பது முக்கியம். தணிக்கைக்காரர் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டும்.

அன்று அந்த அறையில் நான் விதிப்படிதான் நடந்தேன். தணிக்கையில் ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. ஆனாலும், 'இரண்டாமவரின் அனுபவத்தையும் கருதலாமே' என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். மேலதிகாரி அடித்திருப்பார், அவ்வளவுதான். ஐப்பசியில் மழை வலுக்கும்போதெல்லாம் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி நினைவுக்கு வருகிறது.