கடலில்லாத ஊருக்கு வந்த படகுகள்

பெங்களூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். அந்த ஊரில்தான் இரண்டாம் உலகப் போரின்போது படகுகளைப் பழுது பார்த்தார்கள். வானத்தில் பறந்து வந்து பெல்லந்தூர் ஏரியில் இறங்கிய படகுகள் அவை.

கேடலினா என்பது அவற்றின் பெயர். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த பறக்கும் படகு. முதல் பறப்பு 1935ல். அடிப்பாகம் அசல் படகேதான், மேலே 104 அடி இறக்கை, அதில் இரண்டு எஞ்சின்கள். 1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலை முகாமிலிருந்து கிளம்பிய ஒரு கேடலினாவில் பறந்த கனடா விமானி லியோனர்ட் பர்ச்சால்தான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் பார்த்துத் தகவல் அனுப்பினார். சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியும் அப்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கேடலினாக்களுக்குத் தளமாக இருந்தது.

மணிக்கணக்கில் கடல்மேல் பறந்து, நீரில் இறங்கி எழும் இயந்திரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்பு அலுமினியத் தகட்டை அரிக்கும், ரிவெட்டுகள் தளரும். பழுது பார்க்க அமெரிக்காவுக்கா அனுப்ப முடியும்? பெங்களூரில் அதற்கு ஓர் இடம் தயாராக இருந்தது.

தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (எச்.ஏ.எல்.) ஆலைதான் அந்த இடம். அமெரிக்கரான வில்லியம் பாலி தொழில்நுட்ப உதவி செய்தார். 1941 ஆகஸ்டில் ஹார்லோ பயிற்சி விமானமும், 1942 ஜூலையில் கர்டிஸ் ஹாக் போர் விமானமும் இங்கே பூட்டப்பட்டுப் பறந்தன. ஆனால் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்ட நேரம். புது விமானம் கட்டுவதைவிட இருப்பதைப் பறக்க வைப்பதே அவசரம் என்று முடிவானது. 1943ல் ஆலையின் நிர்வாகம் அமெரிக்க ராணுவ விமானப்படையின் கைக்குப் போனது. டகோட்டாக்கள், லிபரேட்டர்கள், மிட்செல்கள் என விமானங்கள் பழுது பார்க்க வரிசையாக வந்தன. பெல்லந்தூர் வழியாகக் கேடலினாக்களும் வந்தன.

இந்த வேலையின் நுணுக்கத்தை விளங்கிக்கொள்ள ஓர் எரிபொருள் டேங்கின் மூடி போதும். ஃபைபர் படகு ஓட்டும் மீனவர், மூடி தொலைந்தால் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு கரை சேரப் பார்ப்பார். அலைத்தண்ணீர் டேங்கில் இறங்கினால் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கேடலினாவுக்கு எரிபொருள் டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது. பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், மூடி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோலைக் காற்றே உறிஞ்சி வெளியே இழுத்துவிடும்.

புது மூடி செய்வதென்றால் வாயின் விட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். மரையின் இடைவெளியை கேஜ் வைத்துச் சரிபார்த்து, லேத்தில் கடைந்து, பெட்ரோலில் ஊறி உப்பாத வாஷர் போட வேண்டும். மரை ஒரு இழை பிசகினாலும் பொருள் குப்பைக்குத்தான். சின்ன உதிரி பாகத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், முழு எஞ்சினைப் பிரித்துப் பூட்டப் பழகிய கைகளின் தேர்ச்சியை யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தேர்ச்சிக்குப் பெரிய சோதனை போர் முடிந்த பிறகு வந்தது. கான்பூரில் பிரிட்டிஷ் விமானப்படை லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கைவிட்டுப் போயிருந்தது. யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சிதைத்திருந்தார்கள். இனி அவை பறக்காது என்றே வெளிநாட்டு நிபுணர்கள் நினைத்தார்கள். எச்.ஏ.எல். ஊழியர்கள் ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் பொருத்தி, பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். லிபரேட்டரில் இருந்ததும் கேடலினா, டகோட்டாவில் இருந்த அதே பிராட் அண்ட் விட்னி எஞ்சின் குடும்பம்தான். பெங்களூர்க் கைகளுக்கு நன்றாகப் பழகியது. 1948 நவம்பரில் முதல் லிபரேட்டர்கள் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தன. மொத்தம் 42 விமானங்கள் இப்படி உயிர் பெற்று, 1968 வரை பறந்தன.

பெங்களூரின் தொழில் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஆலைகள் தொடங்கிய தேதிகளையே அடுக்குகிறார்கள். இந்த நகரத்துக்கு நுட்பமான இயந்திர வேலையைக் கற்றுக்கொடுத்ததில் பழுது பார்ப்புக்கும் சம பங்கு உண்டு.

பெல்லந்தூர் ஏரி இன்று வேறு காரணத்துக்காகப் பேர் வாங்கியிருக்கிறது. கழிவுநீர் நுரை பொங்கியதும், 2015க்குப் பிறகு ஏரி பலமுறை தீப்பிடித்ததும் உலகச் செய்திகள் ஆயின. விமானம் இறங்குமளவு விரிந்த நீர்ப்பரப்பை இந்தக் கதிக்கு ஆளாக்கியது பெருங்குற்றம்.

எச்.ஏ.எல். 2001ல் திறந்த அருங்காட்சியகம் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. அல்சூரிலும் மர்பி டவுனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்தவர் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து அடையாள அட்டையோ, புகைப்படமோ, கருவிப் பெட்டியோ பரணில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்தாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.