காடு மறைத்த ஹெலிகாப்டர்கள்

ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பத்தில், கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் 'ஜீரோ பாயிண்ட்' உள்ளது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமைந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கீழ், கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாய்வழி இங்கு வந்து, பின்னர் பூண்டி ஏரியைச் சேரும் அந்த நீருக்கு மூலம், நல்லமலைத் தொடரின் இடையே கட்டப்பட்ட ஸ்ரீசைலம் நீர்த்தேக்கமாகும். அந்த மலைத்தொடரைக் கடந்துதான், 2009 செப்டம்பர் 2 காலையில், ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஐதராபாத்தின் பேகம்பேட்டையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரில் புறப்பட்டார்; வழியில் அது காணாமற்போனது. ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் வரும் சுருட்டப்பள்ளி அன்று அதே சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால், அன்றைய தேடலின் செய்தி இவ்வெல்லைப் பகுதிக்கு அயலார் செய்தி அன்று.

அத்தேடலின் தன்மையை உணர, அதற்கு முந்தைய இரு விபத்துகளையும் சேர்த்து நோக்க வேண்டும். 2002 மார்ச் 3 அன்று மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகியை ஏற்றிச் சென்ற தனியார் ஹெலிகாப்டர், கிருஷ்ணா மாவட்டத்துக் கைக்கலூர் அருகே மீன் குளங்கள் நிறைந்த பகுதியில் வீழ்ந்தது. குடியிருப்புகள் நெருங்கிய டெல்டா நிலம் ஆதலால் அங்கே தேடலுக்கே தேவை எழவில்லை. 2008 ஆகஸ்ட் 3 அன்று ஐதராபாத்திலிருந்து சத்தீஸ்கர் நோக்கி நால்வருடன் சென்ற மற்றொரு தனியார் ஹெலிகாப்டரின் கதை வேறு. பருவமழைக் காலத்தில், மாவோயிஸ்டுகளின் நடமாட்டம் மிகுந்த எல்லைக் காட்டில் மறைந்த அதன் சிதைவுகள், மூன்று மாதங்களுக்கும் மேலாகி, நவம்பரில்தான் கிடைத்தன.

ஓராண்டு கழித்து முதலமைச்சரின் ஹெலிகாப்டர், அதாவது மாநில அரசுக்குச் சொந்தமான இரட்டை என்ஜின் பெல் 430, காலை ஒன்பதரை மணியளவில் தொடர்பு இழந்தபோது, நாட்டின் தேடும் ஆற்றல் முழுவதும் நல்லமலைமீது குவிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்களோடு வெப்ப உருப்பதிவுக் கருவி பொருத்திய சுகோய் விமானமும் பறந்தது. தரையில் ஆயிரக்கணக்கான மத்திய ரிசர்வ் காவல் படையினரும் காட்டின் தடம் அறிந்த செஞ்சுப் பழங்குடியினரும் தேடினர். ஊத்துக்கோட்டைக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்ட ரிசாட்-2 செயற்கைக்கோளும் படம் எடுத்தது. ரேடார் அலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு உருவம் வரையும் இவ்வகைச் செயற்கைக்கோளுக்கு மேகமும் இருளும் தடையல்ல எனினும், அடர்ந்த மரக்கவிகைக்கு அடியில் சிதறிய உலோகத்தைப் பிரித்தறிவது அதற்கும் கடினமே. மறுநாள் காலை, கர்னூலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவிலுள்ள குன்றின்மேல் சிதைவுகளைக் கண்டது விமானப்படை ஹெலிகாப்டர்தான். முதலமைச்சர் உட்பட ஐவரும் இறந்திருந்தனர்.

இத்தகைய தேடலைச் சுருக்குவதற்கென்றே விமானங்களில் அவசரகால இடங்காட்டி பொருத்தப்படுகிறது. மோதலின் அதிர்ச்சியில் தானே இயங்கத் தொடங்கி ரேடியோ குறிகையை அனுப்பும் இக்கருவியைச் செயற்கைக்கோள்வழி கேட்கும் கோஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு அமைப்பு, இந்தியாவில் பெங்களூரிலுள்ள இஸ்ரோ மையத்தின் வழியே இயங்குகிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொய்யான எச்சரிக்கைகள் பெருகியதால், 2009 பிப்ரவரி 1 முதல் அவ்வமைப்பு 406 மெகாஹெர்ட்ஸ் குறிகைகளை மட்டுமே ஏற்கத் தொடங்கியது. ஆயினும் புதிய கருவியும் மோதலில் ஆன்டெனா முறிந்தாலோ தீப்பற்றினாலோ ஊமையாகிவிடும்.

முதலமைச்சரின் ஹெலிகாப்டரில் விமானி அறைப் பேச்சைப் பதிவுசெய்யும் கருவி கிடைத்ததால், ஆர்.கே. தியாகி தலைமையிலான விசாரணைக் குழு இறுதி நிமிடங்களை அறிய முடிந்தது. கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் குறித்த எச்சரிக்கைக்குத் தீர்வு காண விமானிகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில், ஹெலிகாப்டர் மேகத்துக்குள் கடுமையான கீழ்நோக்கிய காற்றோட்டத்தில் சிக்கி, கட்டுப்பாடிழந்து வீழ்ந்ததென அக்குழு முடிவுசெய்தது.

ஐவருக்கு ஒரு நாளும் நால்வருக்கு மூன்று மாதங்களுக்கு மேலும் என்ற இவ்வேறுபாட்டை நிலத்தின் கடுமை ஓரளவே விளக்கும். உள்ளே இருந்தவர் யார் என்பதும் தேடலின் அளவைத் தீர்மானித்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தாமதம் துயரத்தை நீட்டித்ததோடு நிற்பதன்று. அன்று நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகள் செய்தியற்றுப்போன ஒருவரையே இறந்தவராகக் கொள்ள வழிசெய்தது. ஆகவே உடலோ சிதைவுகளோ கிடைக்காதவரை அந்நால்வரும் சட்டத்தின் பார்வையில் காணாமற்போனவர்களே. இறப்புச் சான்று, காப்பீட்டுத் தொகை, வாரிசுரிமை ஆகியவற்றுக்கு அவர்களுடைய குடும்பத்தார் வழி தேட வேண்டுமானாலும், முதலில் அந்தக் காட்டிலிருந்து ஹெலிகாப்டரின் உடைந்த பாகங்கள் கண்டெடுக்கப்பட வேண்டியிருந்தது.