நேரடி விரிவாக்க நிலவெப்பப் பம்பு: சித்தூர், திருப்பதி வட்டாரம்

கம்ப்ரஸரிலிருந்து வரும் குளிர்பதன வாயுவையே தாமிரக் குழாயில் நிலத்துக்குள் ஓடவிட்டு, அறையின் வெப்பத்தை மண்ணில் இறக்கும் அமைப்பு நேரடி விரிவாக்க நிலவெப்பப் பம்பு. குளிர்நாடுகளில் இதுவே எதிர்த்திசையில் இயங்கி, நிலத்தின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். மற்ற நிலவெப்ப அமைப்புகளில் பாலித்தீன் குழாயில் தண்ணீர் சுற்றும். அதற்கெனத் தனி மோட்டாரும் வெப்பமாற்றியும் வேண்டும். இதில் அவை இரண்டும் இல்லை. நிலவெப்பப் பம்புக்கு ஹைன்ரிக் சோலி 1912இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். வாயுக் குழாயை நேரே மண்ணில் புதைக்கும் முறையை 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ராபர்ட் வெப்பர் செய்து பார்த்தார்.

தாமிரம் பாலித்தீனைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்துவது. ஆகவே குழாயை இறக்கும் துளைகள் குறுகலாக, 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தாலே போதும். பல நூறு அடிக்குப் போர் போட்டுப் பழகிய சித்தூர்க்காரர்களுக்கு இந்த ஆழம் பெரிதல்ல. இங்கே அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸும். திருமலைச் சரிவில் அவற்றின்மேல் நகரி குவார்ட்சைட் படிந்திருக்கிறது. இவை உலர்ந்த மண்ணைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும் பாறைகள். மே மாதப் பகலில் காற்று 40 டிகிரியைத் தாண்டும்போதும், பத்து மீட்டருக்குக் கீழே நிலம் ஆண்டுச் சராசரியை ஒட்டி 28 டிகிரி அளவில்தான் இருக்கும். வெப்பத்தை வெளியேற்றக் கூலிங் டவர்போலத் தண்ணீர் கேட்காதது, நிலத்தடி நீர் வற்றும் ராயலசீமைக்குப் பெரிய நன்மை.

ஆனால் நீர்மட்டம் இறங்கினால் மேல்மண் உலர்ந்து, குழாயைவிட்டு விலகி, வெப்பம் இறங்குவது தடைப்படும். துளையைப் பென்டோனைட், சிமென்ட் கலவையால் இறுக அடைப்பது கட்டாயம். அதைவிட ஆழமான சிக்கல், இங்கே நிலத்துக்கு ஓய்வே கிடையாது என்பது. குளிர்நாட்டு நிலம் கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திருப்பித் தந்துவிடும். திருப்பதியில் வீட்டைச் சூடாக்கும் பருவமே இல்லை. வெப்பம் ஒருவழியாகச் சேர்ந்துகொண்டே போனால், ஆண்டுக்காண்டு திறன் குறையும். ஆண்டு முழுவதும் பக்தர்கள் குளிக்க வெந்நீர் கேட்கும் தங்கும் விடுதிகள் இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. கம்ப்ரஸரின் சூடான வாயுவால் முதலில் வெந்நீர் காய்ச்சி, மிஞ்சியதை மட்டும் நிலத்தில் இறக்கலாம். இந்த ஏற்பாடு இல்லாமல் இவ்வட்டாரத்தில் இம்முறையைப் பரிந்துரைப்பது சரியல்ல.

கேஸ் லீக் இதன் தீராத அச்சம். ஸ்பிளிட் ஏசியில் மெக்கானிக் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்துவிடுவார். இருபது மீட்டர் ஆழத்தில் அடைத்த குழாயில் அது நடக்காது, அந்தத் துளையையே கைவிட நேரும். கம்ப்ரஸர் எண்ணெய் ஆழத்தில் தங்கிவிடாமல் திரும்பி வரும்படியும் வடிவமைக்க வேண்டும். அமில மண் தாமிரத்தை அரிக்கும் என்பதால், குழி தோண்டும் முன்பே மண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் மின்முறைக் காப்புத் தருகிறார்கள்.

சாதாரண ஏசியைவிடப் பல மடங்கு வாயு இதில் நிரப்பவேண்டியிருக்கிறது. இதில் பயன்படும் ஆர்-410ஏ போன்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். 2016 கிகாலி உடன்பாட்டின்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை இந்தியா 2028இல் மேலும் கூடாதபடி நிறுத்தி, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.