ராகு காலமும் ஓடிபியும்

சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு விற்கும் விளம்பரத் தாள்களில் இரண்டு வாக்குறுதிகள் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதைக் காணலாம். ஒன்று, 100 சதவீதம் வாஸ்துப்படி கட்டியது. மற்றது, 24 மணி நேரமும் கேமரா, காவலாளி. ஒன்றை நம்புகிறவர் மற்றதைக் கேலி செய்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். கட்டி விற்பவருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. ஈசானிய மூலையில் கழிப்பறை வராது என்ற உறுதியும், முன்பின் தெரியாதவர் உள்ளே வரமாட்டார் என்ற உறுதியும் அவர் கணக்கில் ஒரே சரக்கு. சதுர அடி விலையில் இரண்டும் அடக்கம்.

வியாபாரி முதலில் கண்டுகொண்ட இந்த உறவை நாம் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஒரு தட்டில் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், அதன் தூதராகப் பாட்டி. மறுதட்டில் நகரத்து நுழைவாயில், கைப்பேசி, அறிவிப்புப் பலகை, குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. முன்னதை மூடநம்பிக்கை என்கிறோம், பின்னதைப் பாதுகாப்பு என்கிறோம். இரண்டிடமும் திட்டு வாங்கியவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் கண்ணில் படும் வேறுபாடு நேரம். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். எமகண்டமும் அவ்வளவே. சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டேகால் நாள். கரிநாளுக்கும் தேதி உண்டு. பாட்டி திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை பயப்படுவாள்; 9 அடித்ததும் பயத்தை மடித்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாள். அபாயத்துக்கு நேரம் ஒதுக்கிவிட்டதால் மீதி நேரம் அவளுடையது.

நகரத்துப் பயத்துக்கு இந்த ஓய்வு கிடையாது. 2020இல் யாரைக் கைப்பேசியில் அழைத்தாலும் மணி ஒலிப்பதற்கு முன் யாரோ இருமினார்கள். பிறகு அந்த இடத்துக்கு இணைய மோசடி பற்றிய எச்சரிக்கை வந்து சேர்ந்தது. வங்கி ஓர் எண்ணை அனுப்புகிறது. இதை எவரிடமும் சொல்லாதே என்று அதே குறுஞ்செய்தியில் கண்டிக்கிறது. அடுத்த நிமிடம் வாடகைக் கார்க்காரர், "சார், ஓடிபி சொல்லுங்க" என்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். எந்த எண்ணை மறைக்க வேண்டும், எந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்று பிரித்துத் தருகிற காலண்டர் இன்னும் அச்சாகவில்லை. அச்சானால் முதல் பிரதி எனக்கு.

அற்ப விஷயங்களில் கண் வைப்பதில் மட்டும் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய எச்சரிக்கை, பயணம் புறப்படும் வேளையில் பேருந்தின் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, ஒற்றைத் தும்மலைப் பற்றியும், "எங்கே போறே?" என்று பின்னாலிருந்து வருகிற கேள்வியைப் பற்றியும் கவலைப்பட்டது. புதிய எச்சரிக்கையைத் திரையரங்கில் பார்க்கலாம். வில்லன் ஓர் ஊரையே கொளுத்தும்போது திரையின் அடியில் எழுத்து எதுவும் ஓடாது. கொளுத்திவிட்டு நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்தானோ இல்லையோ, உடல்நலத்துக்குக் கேடு என்ற வரி ஓடோடி வந்துவிடும்.

இரண்டும் ஒரே வாசலில் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் குடியிருப்பில் அது ஒரு புதன்கிழமை நடந்தது. பெரியப்பா மதியச் சாப்பாட்டுக்குத் தாம்பரத்திலிருந்து வந்தார். நாங்கள் இருப்பது நகரத்தின் வடமேற்கில். புதனன்று வடக்கே சூலம் என்பதால் ஒரு வாய் பால் குடித்துவிட்டு மின்சார ரயில் ஏறி, அப்புறம் ஆட்டோ பிடித்து, 12 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வாசலை அடைந்துவிட்டார். ராகு காலத்துக்கு முன் படியேறிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். ஆனால் காவலாளி செயலியில் என் ஒப்புதலைக் கேட்டார். என் கைப்பேசியோ படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒப்புதல் போய்ச் சேர்ந்தபோது மணி 12ஐத் தாண்டிவிட்டது. "போலாம் சார்" என்று காவலாளி தடுப்புக் கம்பியைத் தூக்கினார். "இப்ப வேணாம் தம்பி, ஒண்ணரைக்கு மேல போறேன்" என்று பெரியப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 12க்கு முன் நவீனம் அவரை விடவில்லை. 12க்குப் பின் மரபு அவரை விடவில்லை. நான் கீழே இறங்கிப் போய்க் கெஞ்சியதற்கு, "அவன் அவன் டியூட்டியைப் பாக்குறான், நான் என் டியூட்டியைப் பாக்குறேன்" என்று பதில் கிடைத்தது. காவலாளி அதை ஆமோதித்துத் தலையாட்டினார். இருவருக்கும் இடையே நான்தான் பொறுப்பில்லாதவன்.

பெரியப்பாவின் அந்த ஒரு வாய்ப் பாலில் பெரிய வேறுபாடொன்று அடங்கியிருக்கிறது. பழைய எச்சரிக்கை தடை சொல்லும்போதே தப்பிக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஞாயிறும் வெள்ளியும் மேற்கே போகாதே. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வெல்லம். திங்களும் சனியும் கிழக்கு ஆகாது. அவசரம் என்றால் தயிர். வேலைக்குப் போகாமல் வயிறு நிரம்பாது என்று அறிந்தவர்கள் வகுத்த விதி அது. தடை கடுமையாக இருக்கலாம், ஆனால் பரிகாரத்தின் விலை ஒரு கரண்டித் தயிர். புதிய எச்சரிக்கைக்குப் பரிகாரம் தெரியாது, படிவம்தான் தெரியும். எங்கள் குடியிருப்பின் சிறுவர் பூங்காவில் ஒரு பலகை இருக்கிறது: பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. எந்தக் கிழமையில், எதைச் சாப்பிட்டுவிட்டு விளையாடலாம் என்று அதில் எழுதவில்லை.

யார் சொல்கிறார்கள் என்பதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்காதே, உப்புக் கொடுக்காதே என்ற பாட்டி, நமக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள். பூங்காப் பலகையை எழுதியவர், நமக்கு ஏதாவது ஆனால் தமக்கு என்ன ஆகுமோ என்று பயந்தார். செயலிகள் நீட்டும் பக்கம் பக்கமான நிபந்தனைகளும் இந்த இரண்டாவது வகைப் பயத்தின் இலக்கியமே. ஆனால் அங்கும் ஓர் உறவு எட்டிப் பார்க்கிறது. அந்த நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை; 'ஏற்கிறேன்' என்பதைத் தொட்டுவிட்டு நகர்கிறோம். புரோகிதர் சொல்லும் மந்திரத்துக்கு நாம் தர்ப்பையைத் தொட்டுக்கொண்டிருப்பதும் இதே அளவு புரிதலோடுதான்.

காவல் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தச் சாயல் இன்னும் துலங்கும். கட்டி முடியாத மாடியில் நாக்கை நீட்டியபடி தொங்கும் திருஷ்டிப் பொம்மை, யாரையாவது தடுத்து நிறுத்தியதாகத் தகவல் இல்லை. வணிக வளாகத்து வாசலில் நிற்கும் உலோகங்காட்டிச் சட்டம், சாவிக்கும் பெல்ட்டுக்கும் ஒரே குரலில் கத்துகிறது. காவலர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. சந்தையில் போலிக் கேமராக்கள் விற்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரியும். முறைத்துப் பார்ப்பதுதான் வேலை என்றால், கைவினைத் திறத்தில் நான் திருஷ்டிப் பொம்மைக்கே மதிப்பெண் போடுவேன்.

சில காவல்கள் பாதுகாப்பதற்குப் பதிலாகக் கவிழ்த்தும் விடுகின்றன. ஆயுத பூசையன்று கடை வாசலில் உடைத்த பூசணிக்காய், திருஷ்டியை ஏற்றுக்கொண்டு நடுச்சாலையில் கிடக்கும். அதில் சறுக்கி இருசக்கர வண்டிக்காரர் விழுவார். சாலையில் உடைக்காதீர்கள் என்று காவல்துறை கேட்டுக்கொள்வதும் பண்டிகைச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. வண்டியின் வேகத்தைக் குறைக்கவென்று தெருவாசிகள் போட்டுவைத்த வேகத்தடை, வண்ணமும் பலகையும் இல்லாமல் இருளில் படுத்திருக்கும். அதில் தூக்கி எறியப்பட்டு அதே வண்டிக்காரர் விழுவார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படியான மெல்லிய வளைவு. நம் தெருவில் இருப்பதோ, மீந்த சிமென்டை ஒருவர் கோபத்தோடு கொட்டியது. நல்லெண்ணத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. பூசணிக்காயாவது மறுநாள் காலை துப்புரவுப் பணியாளரின் கூடைக்குப் போய்விடுகிறது.

இதுவரை சொன்னதை வைத்துப் பழையதே மேல் என்று நான் வாதாடுவதாகத் தோன்றலாம். அது சரியல்ல. தலைக்கவசம் காப்பாற்றிய மண்டைகள் மருத்துவமனை அறிந்தவை. எலுமிச்சம்பழம் காப்பாற்றிய மண்டையைக் காட்டச் சொன்னால் பாட்டியே மழுப்புவாள். பயன் என்ற தராசில் புதியது வெகுதூரம் தாழ்ந்து நிற்கிறது. ஆனால் ஓர் இடத்தில் முள் அசைகிறது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் வரமாட்டார்கள், வீட்டார் போகமாட்டார்கள், தண்ணீர் ஊற்றும்வரை விருந்து, விசேஷம் எதுவும் இல்லை. சடங்கின் பெயரில் நடந்தது கச்சிதமான தனிமைப்படுத்தல். 2020இல் சென்னை மாநகராட்சி தொற்று வீடுகளின் கதவில் அறிவிப்பை ஒட்டியது. சில இடங்களில் தகரத்தை வைத்தும் அடைத்தது. வேப்பிலை சொன்னதையேதான் தகரமும் சொன்னது: உள்ளே வராதே. அதே ஆண்டு பல வாசல்களில் அறிவிப்பும் வேப்பிலைக் கொத்தும் ஒன்றாகவே இருந்தன. எது எதற்குத் துணை என்று சொல்ல முடியாதபடி. இவ்வளவு ஒற்றுமைக்குள் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. வேப்பிலை செருகிய வீட்டில் 'அம்மா வந்திருக்கா' என்றார்கள். படுத்திருப்பவருக்கு இளநீரும் மரியாதையும் கிடைத்தன. தகரம் அடித்த வீட்டை எதிர்வீட்டார் சன்னல் வழியே படம் எடுத்தார்கள். மருத்துவத்தை அறியாத முறை நோயாளியை நடத்தத் தெரிந்து வைத்திருந்தது. மருத்துவத்தை அறிந்த முறை அதைக் கற்றுக்கொள்ள மறந்தது.

அதற்காகப் பழையதற்கு மாலை போட்டுவிடவும் முடியாது. யாரை அபாயம் என்று குறிப்பது என்ற கேள்வியில் இரண்டும் வெட்கமில்லாமல் கைகுலுக்கிக்கொள்கின்றன. பழைய எச்சரிக்கைக்குக் கைம்பெண் எதிரே வந்தால் அபசகுனம். சொந்த வீட்டுக் கல்யாணத்திலேயே அத்தைகள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். புதிய எச்சரிக்கைக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பையனும் அபாயம். பல குடியிருப்புகளில் அவர்களுக்குத் தனி மின்தூக்கி, தனி அடையாள அட்டை, வெளியேறும்போது பைச் சோதனை. பால்கனியில் காயவைத்த துணி காணாமல் போனால் வாட்ஸ்அப் குழு முதலில் அவர்களைத்தான் பார்க்கும். காற்றில் பறந்து இரண்டாம் மாடியில் கிடந்தது தெரிந்த பிறகு குழு அமைதியாகிவிடும். எதிர்த்துப் பேச முடியாதவரையே அபசகுனமாகத் தேர்ந்தெடுக்கும் இந்தத் திறமையைக் காலண்டரிடமிருந்து செயலி கற்றதா, இருவரும் வேறெங்கோ கற்றார்களா என்பது நமக்கு வேண்டாம். பாடம் ஒன்றே.

கடைசியாக, ஒரு விதி எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். புதிய விதிக்குப் பிறந்த தேதி துல்லியமாகத் தெரியும். 2001 டிசம்பரில் பாரிசிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஒருவன் காலணிக்குள் வெடிபொருளோடு பிடிபட்டான். 2006 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும் என்றானது. 2025 ஜூலையில்தான் அது கைவிடப்பட்டது. கோயில் வாசல்களில் பழகிய நமக்கு அது பெரிய சிரமமில்லை. ஆனால் ஒரு தனிமனிதன் செய்த காரியத்துக்கு ஊர் உலகமே ஏறக்குறைய 19 ஆண்டு வெறுங்காலோடு நின்றது. பழைய விதிகளுக்குப் பிறந்த தேதியும் கிடையாது, முடிந்ததாக யாரும் அறிவிப்பதும் கிடையாது. பேத்தி ஒருத்தி ராகு காலத்தில் வேலைக்கான நேர்காணலுக்குப் போய் வேலையோடு திரும்புவாள். அவள் விஷயத்தில் விதி சத்தமில்லாமல் தளர்ந்துவிடும்.

இரண்டும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்ததும் உண்டு. விமானத்தில் கைப்பையோடு தேங்காய் கொண்டுபோகக் கூடாது என்பது நம் நாட்டுப் பாதுகாப்பு விதி. சபரிமலைக்குப் போகிறவர் இருமுடியில் நெய்த்தேங்காய் இல்லாமல் போக முடியாது. அதைச் சரக்கோடு சேர்த்து அனுப்பவும் மனம் வராது. 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் இறங்கி வந்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் தடவிப் பார்ப்பது எல்லாவற்றையும் கடந்த பிறகு, இருமுடித் தேங்காய் பயணியின் கையோடு போகலாம். இந்தச் சலுகை 2025 ஜனவரி 20 வரை மட்டும் என்று தேதி குறித்தார்கள். 20ஆம் தேதி வரை சாதுவாக இருந்த தேங்காய் 21ஆம் தேதி மறுபடி அபாயமாகிவிடும் என்பதைக் கேட்டுப் பெரியப்பா கொஞ்சமும் சிரிக்கவில்லை. "அப்ப அவங்களும் நாள் பாத்துத்தான் பண்றாங்க" என்றார்.