பூசணம் பூத்த அரிசியும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

நாற்பதைத் தாண்டிய நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது நிமிடத்தில் பேச்சு கொலஸ்ட்ராலுக்கு வந்துவிடுகிறது. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான். மேல் மாடியில் இருக்கும் திருச்சிக்காரர், பணி ஓய்வு பெற்றவர், அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வந்த ஒரு டப்பாவைக் காட்டினார். "சார், டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டு இதை எடுத்துக்கலாம்னு இருக்கேன். இது மருந்தே இல்ல, வெறும் சிவப்பரிசி" என்றார்.

அது நம்ம ஊர் சிவப்பரிசி இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் கேரளாவின் மட்டை அரிசியும் தவிட்டின் நிறத்தால் சிவப்பு. இந்த டப்பாவில் இருப்பது வெள்ளை அரிசி. மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அதன் மேல் வளரவிட்டு, உள்ளே வரை சிவந்ததும் காயவைத்துப் பொடித்தது. சுருக்கமாகச் சொன்னால் பூசணம் பூத்த சோறு! நம் வீட்டில் என்றால் அம்மா பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். நாம் மாவைப் புளிக்கவைக்கிற ஆட்கள்தான், ஆனால் இட்லி மாவில் வேலை செய்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். தானியத்தில் பூசணத்தை வேண்டுமென்றே வளர்த்து உண்பது சீன, ஜப்பானிய வழக்கம். சோயா சாஸ், மிசோ, சாக்கே மது எல்லாமே இப்படிப் பூசணம் பிடித்த தானியத்தில், ஜப்பானியர் கோஜி என்று சொல்வதில், தொடங்குபவைதான்.

சிவப்புப் பூசண அரிசிக்குச் சீனாவில் ஹோங்ச்சூ என்று பெயர். ஃபூஜியன் பகுதியில் அதைக் கொண்டு மது காய்ச்சினார்கள், இறைச்சிக்கு நிறம் ஏற்றினார்கள். 1596இல் அச்சான லி ஷிச்சென்னின் மாபெரும் மருந்து நூல், இது செரிமானத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது என்கிறது. 1637இல் சொங் யிங்ஷிங் எழுதிய தொழில்நுட்ப நூலில் எனக்குப் பிடித்த குறிப்பு ஒன்று உண்டு: கோடையில் மீன் மீதும் இறைச்சி மீதும் இதை லேசாகப் பூசிவைத்தால் பத்து நாள் ஆனாலும் ஈயோ புழுவோ அண்டாது என்கிறார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து ஆளுக்கு அதுதான் பெரிய பலன். கொலஸ்ட்ரால் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. பிறகு 1895இல் டச்சு தாவரவியலாளர் வென்ட், ஜாவாவிலிருந்து கிடைத்த சிவப்பரிசியில் இந்தப் பூஞ்சையைக் கண்டு விவரித்தார். அதோடு ஏறத்தாழ எண்பது வருடம் இந்த அரிசியின் மருத்துவக் கதையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

கதை சூடு பிடிப்பது அகிரா எண்டோவிடம். ஜப்பானின் வடக்கே அகிதாவில், 1933இல், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரில் ஒரு காளான் உண்டு. ஈயைக் கொல்லும், மனிதனை ஒன்றும் செய்யாது. பையனுக்கு அது ஏன் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. பள்ளி நாட்களிலேயே அந்தக் காளானை வைத்துச் சோதனை செய்து பார்த்திருக்கிறார். பெனிசிலின் கண்ட ஃபிளெமிங்தான் ஆதர்சம். 1957இல் சான்கியோ என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, பழச்சாற்றைத் தெளியவைக்கும் நொதியைப் பூஞ்சைகளில் தேடி, கண்டும்பிடித்தார்.

1966 முதல் 1968 வரை நியூயார்க்கில் இருந்தபோது மாரடைப்பு அங்கே எத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்று பார்த்தார். நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. கல்லீரலில் ஒரு நொதி அந்த உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எண்டோவின் ஊகம் எளிமையானது: பூஞ்சைகளுக்கு எதிரிகள் உண்டு. அந்த எதிரி நுண்ணுயிர்களின் இந்த நொதியை முடக்கி அழிக்க, ஏதாவது ஒரு பூஞ்சை ஒரு பொருளைத் தயாரித்து வைத்திருக்கக்கூடாதா?

1971இல் தேட ஆரம்பித்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்தார்கள். (லோன் ஃபைல் ஆறாயிரம் பார்த்தவனுக்குத்தான் அந்த அலுப்பு புரியும்.) முதலில் கிடைத்தது சிட்ரினின். நொதியை முடக்கியது உண்மை, கூடவே எலிகளின் சிறுநீரகத்தையும் கெடுத்தது. அதை ஒதுக்கினார்கள். இந்த சிட்ரினின் என்ற பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

1973இல் வேண்டியது கிடைத்தது. கியோத்தோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூசணத்திலிருந்து! பெனிசிலியம் சிட்ரினம் என்ற அந்தப் பூஞ்சை தந்த பொருளுக்குக் காம்பாக்டின் என்று பெயர் ஆயிற்று. உலகத்தின் முதல் ஸ்டாட்டின் அதுதான்.

எலிக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. நிறுவனம் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் 1976இல் வேறு பிரிவில் முட்டைக் கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சக ஊழியர் ஒருவரோடு எண்டோ மதுக்கடையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கோழிகள் ஆராய்ச்சி முடிந்து கழிக்கப்பட இருந்தன. முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அப்படியென்றால் கோழி ரத்தத்திலும் நிறைய இருக்க வேண்டுமே என்று யோசித்து அவற்றைக் கேட்டு வாங்கினார். சில வாரங்களில் பாதியளவு வரை இறங்கியது. அடுத்து நாய்களிலும் இறங்கியது.

1978இல் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் அகிரா யமமோட்டோ ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தார். பரம்பரைக் குறைபாட்டால் அவளுக்குக் கொலஸ்ட்ரால் 1000 அளவில் இருந்தது (200ஐத் தாண்டினாலே நாம் பயப்படுகிறோம்). மருந்து வேலை செய்தது, சுமார் 30 சதவீதம் இறங்கியது. ஆனால் தசைகள் தளர்ந்துபோக, நிறுத்திவிட்டு அளவைக் குறைத்துத் தொடர வேண்டியதாயிற்று. இன்று ஸ்டாட்டின் எழுதித் தரும் டாக்டர் "கை கால் வலி இருந்தா உடனே சொல்லுங்க" என்கிறாரே, அந்தக் கேள்வி முதல் நோயாளியிலிருந்தே தொடங்குகிறது.

1980இல், நாய்களில் நீண்ட காலம் அதிக அளவில் கொடுத்த சோதனையில் எழுந்த சந்தேகத்தால், சான்கியோ காம்பாக்டினைக் கைவிட்டது. எண்டோ அதற்கு முன்பே நிறுவனத்தை விட்டு டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே 1979இல் அவர் எடுத்தது எதை? அதே பழைய சிவப்பரிசிக்காரனை, மொனாஸ்கஸை. அதில் காம்பாக்டினைவிட வலுவான ஒன்று கிடைத்தது. மொனகோலின் கே என்று பெயரிட்டார்.

அதே சமயம் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற வேறொரு பூஞ்சையில் 1978 நவம்பரில் ஒரு பொருளைக் கண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. மொனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்பதும் ஒரே மூலக்கூறு, இரண்டு பெயர்கள். எண்டோ காப்புரிமைக்கு மனு போட்டது 1979 பிப்ரவரி. மெர்க் போட்டது ஜூன். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் அப்போது முதலில் மனு போட்டவருக்கல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. அங்கே மெர்க் ஜெயித்தது. நாய்ச் செய்தி கேட்டு மெர்க்கும் சில வருடம் தயங்கி நின்று, பிறகு தொடர்ந்து, 1987 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி வாங்கியது. விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின். பின்னால் இந்தக் குடும்பமே பல்லாயிரம் கோடி டாலர் வியாபாரம் ஆனது. எண்டோவுக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் வரவில்லை. லாஸ்கர் விருது வந்தது, 2008இல்.

திருச்சிக்காரரின் டப்பாவுக்கு வருகிறேன். 1990களின் பிற்பகுதியில் ஃபார்மனெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சிவப்பரிசிப் பொடியை 'கொலஸ்டின்' என்ற பெயரில் உணவுப் பொருளாக விற்றது. கலிஃபோர்னியாவில் 83 பேரை வைத்து நடந்து 1999இல் வெளியான ஆய்வில், பொடியை எடுத்துக்கொண்டவர்களின் கொலஸ்ட்ரால் சராசரி 254லிருந்து 208க்கு இறங்கியது. எதிர்பார்க்கத் தக்கதுதானே, உள்ளே இருப்பது லோவாஸ்டாட்டின்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1998லேயே "இது உணவு இல்லை, அனுமதி பெறாத மருந்து" என்று சொல்லிவிட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1999இல் கம்பெனிக்குச் சாதகம், 2000இல் மேல்முறையீட்டில் தலைகீழ், 2001இல் துறைக்கே தீர்ப்பு. மருந்தாக முதலில் அனுமதி பெற்ற பொருளை, அதற்கு முன் உணவாக விற்பனையில் இருந்திருந்தால் ஒழிய, பின்னால் துணை உணவு என்று விற்க முடியாது என்பது 1994 சட்டம். ஆயிரம் வருட உணவாயிற்றே என்றால், துறை சொன்ன பதில் முக்கியமானது: சீனர் சமையலில் போட்ட சிவப்பரிசியில் இந்தப் பொருள் குறிப்பிடும்படி இல்லை. மருந்துப் பொருள் மிகும்படி தேர்ந்த வகையைத் தேர்ந்த முறையில் வளர்த்ததால் வந்தது அது. ஆக, 'பாரம்பரிய உணவு' என்ற விலாசம் டப்பாவில் ஒட்டிக்கொண்டதுதான்.

தீர்ப்புக்குப் பிறகும் சிவப்பரிசி டப்பாக்கள் அங்கே கடைகளில் இருக்கின்றன, மொனகோலின் என்ற பேச்சை எடுக்காமல். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் கடைகளில் கிடைத்த 12 தயாரிப்புகளைப் பரிசோதித்தார்கள். ஒரு கேப்ஸ்யூலில் மொனகோலின் கே 0.10 மில்லிகிராமிலிருந்து 10.09 மில்லிகிராம் வரை, நூறு மடங்கு வித்தியாசம்! பன்னிரண்டில் நான்கில் சிட்ரினின் இருந்தது. ஆமாம், எண்டோ எலிச் சோதனையோடு தள்ளிவைத்த அதே சிறுநீரக நஞ்சு. மொனாஸ்கஸின் சில வகைகள் அதையும் சேர்த்தே தயாரிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளுக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவாகவே மொனகோலின் இருக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது.

இதனால்தான் திருச்சிக்காரரிடம் சொன்னேன்: "சார், நீங்க மாத்திரையை விட்டுட்டு அரிசிக்குப் போகல. அளவு தெரிஞ்ச மாத்திரையை விட்டுட்டு அளவு தெரியாத மாத்திரைக்குப் போறீங்க. ரெண்டையும் சேர்த்து எடுத்தா இன்னும் மோசம், அதே மருந்து ரெண்டு தடவை. நிறுத்தறதானா டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்க." டப்பா இப்போது அவர் அலமாரியில் சும்மா இருக்கிறது.

இடையில் காளான் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சந்தைகளில் கிடைக்கும் சிப்பிக் காளானிலும் லோவாஸ்டாட்டின் உண்டு என்று 1990களில் கண்டார்கள். காளானுக்குக் காளான், வளர்ப்புக்கு வளர்ப்பு அளவு மாறும். பொரியல் செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. மாத்திரைக்குப் பதில் என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

நம் பெங்களூருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சும் படிப்பு படித்துவிட்டு வந்த கிரண் மஜும்தார் 1978இல் தொடங்கிய பயோகான், நொதிகள் தயாரிப்பதற்காக, கோஜி பாணியில் ஈரத் தானியத்தின் மேல் பூஞ்சை வளர்க்கும் தொழில்நுட்பத்தைக் கற்று வளர்த்தது. அந்த நிறுவனம் 2001இல் லோவாஸ்டாட்டின் தயாரிக்க அமெரிக்க அனுமதி பெற்றது. 2004இல் அதன் பங்கு வெளியீட்டுக்கு விழுந்தடித்து விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த லாபம் ஒரு பூசணத்தின் லாபம் என்று தெரிந்திருக்குமோ!

கடைசியாக ஜப்பான். உணவையே மருந்துபோல் விளம்பரம் செய்ய அனுமதிப்பதில் அந்த நாடுதான் முன்னோடி. 1991இல் கொண்டுவந்த முறையில் அரசாங்கம் ஒவ்வொரு பொருளையும் பரிசீலித்து முத்திரை கொடுத்தது. 2015இல் ஒரு சுலப வழி சேர்ந்தது: கம்பெனியே ஆதாரங்களைத் திரட்டி, விற்பனைக்கு 60 நாள் முன்பு தாக்கல் செய்தால் போதும். வங்கிக்காரன் மொழியில் சொன்னால் இது சுயசான்றிதழ். அந்த வழியில் கோபயாஷி மருந்து நிறுவனம் சிவப்பரிசி மாத்திரைகளை விற்றது. சிவப்பரிசித் தொழிலை அது 2016இல் வாங்கியது குன்சே என்ற ஆடை நிறுவனத்திடமிருந்து.

சிட்ரினின் தயாரிக்காத வகையைத்தான் பயன்படுத்தினார்கள். தெரிந்த நஞ்சுக்குக் காவல் இருந்தது. 2024 ஜனவரி 15 அன்று, மாத்திரை எடுத்த ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாக ஒரு மருத்துவர் நிறுவனத்துக்குச் சொன்னார். பொருளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது மார்ச் 22 அன்று. இடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் டப்பாக்கள் விற்றுக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். முதலில் ஐந்து மரணங்கள் என்றார்கள். ஜூன் இறுதியில் மேலும் 76 மரணங்களுக்குத் தொடர்பு உண்டா என்று ஆராய்வதாக நிறுவனம் சொன்னது. ஜூலையில் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவி விலகினார்கள்.

காரணம் பியூபெருலிக் அமிலம். அதைத் தயாரித்தது மொனாஸ்கஸ் அல்ல, ஆலைக்குள் அழையா விருந்தாளியாகப் புகுந்திருந்த ஒரு நீலப் பூசணம். அதுவும் பெனிசிலியம்தான், 1973இல் கியோத்தோ அரிசியில் எண்டோவுக்குக் கிடைத்ததற்கு உறவு. ஆலை இருந்தது ஒசாகாவில், அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் ஸ்டாட்டின் கொடுத்த அதே ஊரில்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூன் 5 அன்று அகிரா எண்டோ காலமானார். வயது 90.