தன் நூலும் அவன் நூலும்

1956 நவம்பர் 1 அன்று நெய்யாற்றின்கரை கேரளத்திலும், அண்டைய விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. தனுவச்சபுரம் எல்லையோரத்து ஊராயிற்று. உடைமைச் சொற்களை மட்டும் அவ்வெல்லை பிரிக்கவில்லை. இப்புறம் 'தன்', 'எங்கள்', 'நம்'. அப்புறம் 'தன்றெ', 'ஞங்ஙளுடெ', 'நம்முடெ'. கேட்போரை விலக்கும் பன்மையையும் உட்படுத்தும் பன்மையையும் கால்டுவெல் 1856ஆம் ஆண்டின் ஒப்பிலக்கணத்திலேயே ஆராய்ந்துள்ளார்.

ருஷ்யம் பயிலும் நம் மாணவர் 'ஸ்வோய்' என்னும் சொல்லில் இடறுவது ஏன்? ஆங்கில வழியாகப் பயில்வதே காரணம் என்பது என் கருத்து. 'அவன் தன் நூலை எடுத்தான்' என்பதில் நூல் அவனுடையது. 'அவனுடைய நூலை' எனில் பிறனுடையதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹிஸ்' ஒன்றே. ருஷ்யம் 'ஸ்வயூ', 'யெவோ' எனப் பிரிக்கும்.

நமக்குப் புதியவை வேறு: 'மோய், மயா, மயோ' என உடைமைப் பொருளின் பாலுக்கேற்ப மாறுவதும், 'எங்கள்', 'நம்' இரண்டையும் 'நாஷ்' ஒன்றே உணர்த்துவதும்.

பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி 1960இல் மாஸ்கோவில் வெளிவந்து, இருமொழிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. நம் வகுப்பறை இலக்கணமும் அவ்வழியே செல்லவேண்டும். தாய்மொழியில் உள்ள வேறுபாட்டை அயல்மொழி வழியே தொலைத்துவிட்டு, மீண்டும் மனப்பாடம் செய்வானேன்?