2602ஆம் வருஷம்

அப்பாவின் ஸ்டாம்பு ஆல்பத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முகத்தின் மேலேயே ‘டாய் நிப்பான் 2602 பினாங்கு’ என்று அச்சடித்த தலை ஒன்று இருக்கிறது. அப்பா பினாங்கு தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் தமிழ் வருஷத்தையும் இங்கிலீஷ் வருஷத்தையும் சேர்த்தே போட்டுப் பழகிய கை. “சித்திரபானு, 1942 ரெண்டும் போதாதுன்னு ஜப்பான்காரன் மூணாவதா ஒண்ணைக் கொண்டாந்தான்” என்பார். பினாங்கைப் பிடித்த ஜப்பானியர் கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். தண்ணீர்மலையான் கோயில் உச்சிக்கால பூசைக்குச் சூரியனைத்தான் நம்ப வேண்டியிருந்ததாம்.

அந்த 2602 எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் ஜப்பானின் மரப்பலகை அச்சுப் படங்களில் மாட்டிக்கொண்டேன்.

கி.மு. 660இல் ஜிம்மு என்ற முதல் சக்கரவர்த்தி பட்டம் ஏறினார் என்பது அவர்கள் புராணம். அதை அரசாங்கக் கணக்காக்கியது ரயிலும் தந்தியும் போட்ட மெய்ஜி அரசு. பட்டமேற்ற நாள் என்று பிப்ரவரி 11ஐ 1873இல் குறித்தது. 1889இல் அதே தேதியில், புது அரண்மனையில், சக்கரவர்த்தி அரசியல் சாசனத்தைப் பிரதமர் குரோடா கியோதாகாவிடம் கொடுத்தார்.

அடுத்த மாதமே ஓவியர் அடாச்சி கிங்கோ அந்தக் காட்சியை மூன்று தாள்களை ஒட்டவைத்த படமாக வெளியிட்டார். ஒரு பிரதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மந்திரிகள் எல்லாரும் ஐரோப்பிய உடுப்பில். சிவப்பும் ஊதாவும் கண்ணைக் கூசவைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ரசாயனச் சாயங்களின் உபயம். வேலை மட்டும் பழைய முறைதான்: ஓவியர் வரைய, செதுக்குபவர் செர்ரிப் பலகையில் வெட்ட, வண்ணத்துக்கு ஒரு பலகையாக வைத்து அச்சிடுபவர் கையாலேயே தேய்த்து எடுப்பார். முதல் போட்டவர் பதிப்பாளர். மெய்ஜிக்கு முன் ஆண்ட ஷோகன்கள் காலத்தில் ஆள்பவரை வரையத் தடை இருந்தது. இப்போதோ சக்கரவர்த்தியே கடைச் சரக்கு. இந்த ஓவியர்கள் பலரும் அரண்மனை வாசலை மிதித்ததில்லை. கேள்விப்பட்டதை வைத்தே வரைந்தார்கள். அதனால் இவற்றைச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நேற்றுத் தைத்த கோட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழமை பூசும் வேலை இது.

1942இல் சிங்கப்பூரைப் பிப்ரவரி 11க்குள் பிடித்துவிட வேண்டும் என்று ஜெனரல் யாமாஷிதா துடித்ததும் இந்தத் தேதிக்காகத்தான். நான்கு நாள் தாமதமாகிவிட்டது.

ஆல்பத்தில் அடுத்த பக்கம் 1945. வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். அதே ஜார்ஜ் மன்னர் தலை; மேலே பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று இன்னொரு அச்சு.